இருபத்தெட்டைத் திருப்பிப் போடு

ஜனவரி 12

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் மாமாவுக்கு முட்டிவலி, அவரைக் கட்டிக்கொண்ட எனக்குத் தலைவலி. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

இரண்டு வருஷம் பேசாதவள் திடீரென்று கடிதம் போடுகிறாளே என்று வாயைப் பிளக்காதே. போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் நான் கத்துவேன், நான்காவது நிமிஷம் நீ வைத்துவிடுவாய். காகிதத்தில் கத்தினால் யாருக்கும் காது வலிக்காது.

போன வருஷம் பசுமைக்குடிலில் குடைமிளகாய்ச் செடிகளின் கொழுந்தெல்லாம் சுருண்டது. பயிர் ஆய்வாளர் அம்மா வந்து பார்த்து வைரஸ் என்றார். நானூறு செடிகளையும் என் கையாலேயே பிடுங்கி எரித்தேன். இந்த வருஷமும் அதேபோல் ஆரம்பித்திருக்கிறது. "வைரஸ்தாம்மா, பரவும். மார்ச் பத்துக்குள்ள எல்லாத்தையும் புடுங்கிடுங்க" என்று எழுத்திலேயே உத்தரவு கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மருந்து எதுவும் தெளிக்கக் கூடாதாம். தெளித்தால் குடிலின் உரிமம் ரத்து. இலை ஆய்வுக்கூடத்துக்குப் போயிருக்கிறது, பதில் வர ஐந்து மாதமாம்.

எனக்கு இது வைரஸ் என்று படவில்லை. சோப்புத் தண்ணீர் மருந்தாகாது என்று நானே முடிவு செய்து, நான்கு செடிகளின் கொழுந்தைத் தினமும் கழுவினேன். அந்த நான்கிலும் புதுத் தளிர் நேராக வருகிறது. செடிக்குள் இருக்கும் வைரஸைச் சோப்புப் போட்டுக் கழுவ முடியுமா? கண்ணுக்குத் தெரியாத பேன் ஏதோ உட்கார்ந்து உறிஞ்சுகிறது. நானூறையும் தினமும் கழுவ எனக்குப் பத்துக் கை வேண்டும். ஆய்வாளர் அம்மாவின் கைக்கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. "காட்டுங்க, உத்தரவை மாத்தறேன். காட்டாம நான் எப்படி மாத்தறது?" என்கிறார்.

நீ விட்டுப்போன பழைய கேமரா என் பீரோவில் துணிகளுக்கு அடியில் இருக்கிறது. அதில் இவ்வளவு சின்னதைப் படம் பிடிக்க முடியுமா? முடியும் அல்லது முடியாது என்று ஒரு வார்த்தை எழுது. இந்தத் தடவை ஒரு செடியைக்கூடப் பிடுங்க மாட்டேன்.

அக்கா


ஜனவரி 22

அக்காவுக்கு,

உறையின் மேல் உன் எழுத்தைப் பார்த்து, யாருக்கு என்னவோ என்று நின்றபடியே பிரித்தேன். நான் சுகம். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. படியில் இறங்கும்போது மாமாவைப் பக்கவாட்டில் இறங்கச் சொல், முட்டிக்கு நல்லது.

முடியும். இதற்கென்றே தனி லென்ஸ் விற்கிறார்கள். அதன் விலையைக் கேட்டால் மாமாவுக்கு இன்னொரு முட்டியும் வலிக்கும். அது வேண்டாம். கேமராவில் இருக்கும் ஐம்பது எண் லென்ஸைக் கழற்று. முன்னே இருக்கும் முகத்தைக் கேமராவின் வாயில் வைத்து, முதுகுப் பக்கம் வெளியே தெரியும்படி கையால் அழுத்திப் பிடி. பெரிய வீட்டைக் கேமராவுக்குள் படம் விழும் சின்னத் தகட்டுக்குள் அடக்குவதுதான் லென்ஸின் வேலை. திருப்பிப் போட்டால் வேலையும் திரும்பிவிடும். சின்னதைப் பெரிதாக்கிக் கொடுக்கும்.

லென்ஸே இல்லை என்று கேமரா அழும். 'எம்' என்ற எழுத்தில் வை, வாயை மூடிக்கொள்ளும். லென்ஸில் இருக்கும் ஒளியளவு வளையத்தை எட்டில் நிறுத்து. இலையிலிருந்து இரண்டு விரல் தூரத்தில் லென்ஸ் இருக்க வேண்டும். தெளிவு வரவில்லை என்று எதையும் திருகாதே. நீதான் முன்னும் பின்னும் அசைய வேண்டும். தலைமுடி கனத்துக்குத்தான் தெளிவாக விழும், மிச்சமெல்லாம் புகை.

நீ ஒரு வார்த்தைதான் கேட்டாய். நான் தாள் முழுக்க எழுதிவிட்டேன்.

தம்பி


பிப்ரவரி 4

அன்புள்ள அவசரக்குடுக்கைக்கு,

இங்கே முட்டி ஒன்றுதான் முனகுகிறது, மற்றதெல்லாம் நலம். பக்கவாட்டில் இறங்கச் சொன்னேன். "நண்டா நான்?" என்று கேட்டுவிட்டு நேராகவே இறங்குகிறார்.

நீ சொன்னபடி செய்தேன். முதல் நாற்பது படமும் புகை. மூச்சு விட்டால் இலை ஓடுகிறது, மூச்சைப் பிடித்தால் கை ஆடுகிறது. உன் மாமா பின்னால் நின்று, "லென்ஸைத் தலைகீழா மாட்டிட்டு எலைய மொறச்சுப் பாக்கற, யாராவது பாத்தா என்ன நெனப்பாங்க?" என்றார். அவரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன்.

நாற்பத்தோராவது படத்தில் இலையின் மயிர் தெரிந்தது. தம்பி, ஒவ்வொரு மயிரும் கண்ணாடிக் குழாய் போல நிற்கிறது! பதினைந்து வருஷமாக இந்தச் செடியோடு புழங்குகிறேன், அதற்கு இப்படி ஒரு தோல் இருப்பது எனக்குத் தெரியாது. ஆனால் பேனைக் காணோம். இதைவிடப் பெரிதாக்க வழி உண்டா?

இன்னொன்று. சரியாக எடுத்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிய வேண்டும். நீ இப்படி எடுத்த படம் ஒன்று அனுப்பு. உன் கடிதத் தாளின் பின்பக்கத்தில் 'எடை, நீளம், உடையும் பொருளா' என்று அச்சடித்திருக்கிறது. நீ வேலை செய்யும் ஸ்டூடியோவில் தாளுக்கு அவ்வளவு பஞ்சமா?

அக்கா


பிப்ரவரி 15

அக்காவுக்கு,

நலம். நண்டுக்கு என் வணக்கம்.

பார்சலில் இரண்டு பொருள் இருக்கும். ஒன்று, இருபத்தெட்டு எண் லென்ஸ். எண் சின்னதாக ஆக, திருப்பிப் போட்டால் இன்னும் பெரிதாகக் காட்டும். இதன் தெளிவு வளையம் இறுகிப்போய் அசையாது. அதனால் இது யாருக்கும் வேண்டாத லென்ஸ். திருப்பிப் போட்டவளுக்கு அந்த வளையமே தேவையில்லை, உன்னிடம் வந்து பிழைத்துப்போகட்டும். இரண்டாவது, ஒரு இரும்பு வளையம். அதன் ஒரு பக்கம் லென்ஸின் முகத்தில் மரையாகத் திருகிக்கொள்ளும், மறுபக்கம் கேமராவில் மாட்டும். இனிக் கையால் பிடிக்க வேண்டாம்.

வெளிச்சம் நிறைய வேண்டும். டார்ச் விளக்கை நேரடியாக அடிக்காதே, படம் பளபளவென்று வெளுத்துவிடும். நடுவில் வெள்ளை பிளாஸ்டிக் மூடி எதையாவது பிடி. கொழுந்தின் அடிப்பக்கத்தைப் பார், இந்த ஜாதிப் பேன் வெயிலுக்குப் பயந்து அங்கேதான் ஒண்டும்.

தாள் கையில் கிடைத்தது, எழுதினேன். அவ்வளவுதான்.

தம்பி


மார்ச் 3

என் சமர்த்துத் தம்பிக்கு,

நலமா என்று கேட்கக்கூடப் பொறுமை இல்லை. பிடித்துவிட்டேன்!

முதலில் உன் பார்சலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான்கு மூலையிலும் அளந்து மடித்து, ஒட்டுநாடா ஒரு சுருக்கம் இல்லாமல்! சின்ன வயதில் உன் பாடப்புத்தகத்துக்கு அட்டை போடத் தெரியாமல் என்னிடம் வருவாயே, எங்கே கற்றாய் இதையெல்லாம்?

குடிலுக்குள்ளேயே கேமராவைத் திறந்து லென்ஸை மாற்றிக்கொண்டு, பன்னிரண்டு செடிகளில் பன்னிரண்டு இலைகளை எடுத்தேன். எல்லாவற்றிலும் அது இருக்கிறது. கறுப்பாக, உருண்டையாக, ஒரு பக்கம் கால் போல ஏதோ நீட்டிக்கொண்டு. சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். உனக்கும் ஒரு பிரதி இந்த உறையில் இருக்கிறது. வரும் திங்கட்கிழமை ஒன்பதாம் தேதி ஆய்வாளர் அம்மாவின் மேஜையில் இதைப் பரப்பப் போகிறேன்.

போன வருஷம் செடிகளை எரித்த இடத்தில் இன்னும் புல்கூட முளைக்கவில்லை. தினமும் அதைத் தாண்டித்தான் குடிலுக்குப் போகிறேன். திங்கட்கிழமைக்குப் பிறகு அந்தப் பக்கம் பார்க்க எனக்கு வலிக்காது.

கேட்ட படத்தை நீ இன்னும் அனுப்பவில்லை.

அக்கா


மார்ச் 6

அக்கா,

நலம் விசாரிக்க நேரமில்லை. திங்கட்கிழமை போகாதே. பன்னிரண்டு படத்திலும் அது வலது மேல் மூலையில் ஒரே இடத்தில் இருக்கிறது, பார். அது பேன் இல்லை. கேமராவுக்குள் தகட்டின் மேல் விழுந்த தூசி. லென்ஸை மாற்றும்போது கேமராவின் வாயைக் கீழே பார்த்துப் பிடிக்க வேண்டும், தூசி இல்லாத அறையில் மாற்ற வேண்டும். அதை நான் உனக்குச் சொல்லவில்லை.

இன்று காலையிலிருந்து நான்கு முறை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. இந்தக் கடிதம் திங்கட்கிழமைக்குள் வந்து சேர வேண்டும். உள்ளே கையை விட்டுத் தகட்டைத் துடைத்துவிடாதே, கீறிவிடும்.

தம்பி


மார்ச் 10

தம்பிக்கு,

நான் நலமாக இல்லை.

படங்களை வரிசையாகப் பரப்பினேன். ஆய்வாளர் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு, "எல்லா எலையிலயும் ஒரே மூலையிலயே உக்காந்திருக்கே, அதுக்கென்ன ரிசர்வ் பண்ணின சீட்டாம்மா?" என்றார். பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் அப்போதுதான் பார்த்தேன். வட்டம் போட்டதே நான்தான், பன்னிரண்டு வட்டத்தையும் ஒரே மூலையில் போட்டிருக்கிறேன்.

பக்கத்துக் குடில்காரர் தன் செடிக்குப் பரவிவிடும் என்று புகார் கொடுத்திருக்கிறார். அவர் மேல் தப்பில்லை, அவருக்கும் பயம். இரட்டை வலை கட்டிக் கதவை அடைக்கிறேன், என்னைத் தவிர யாரும் உள்ளே போக மாட்டார்கள் என்று எழுதிக் கொடுத்து, ஏப்ரல் பதினைந்து வரை தவணை வாங்கினேன். அதற்குப் பிறகு அவர்களே ஆள் அனுப்பிப் பிடுங்குவார்களாம்.

வெள்ளிக்கிழமை நீ அழைத்ததைப் பார்த்தேன். சண்டைக்குத்தான் என்று எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பாய்? உன்னையும் உன் கேமராவையும் நம்பினேன் பார், என்னைச் சொல்ல வேண்டும்.

அக்கா


மார்ச் 25

தம்பிக்கு,

உன் ஆறாம் தேதிக் கடிதம், நான் போன கடிதத்தைத் தபாலில் போட்ட மறுநாள் வந்தது. படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான்கு முறை அழைத்தாயே! அதற்குப் பிறகு இரண்டு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. இப்போது நான் அழைத்தால் நீ எடுக்கவில்லை. சுகமாகத்தான் இருக்கிறாயா?

நீ எழுதாவிட்டாலும் நான் எழுதுவேன். ஆடாமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். மேஜை விளிம்பில் கேமராவை வைத்து, அதற்குக் கீழே இருக்கும் இழுப்பறையின் முன்பலகையில் ஒரு துணிக்கிளிப்பைக் கட்டினேன். கிளிப் இலையைக் கவ்விக்கொள்கிறது. இழுப்பறையை விரல் நுனியால் தள்ளத் தள்ள, இலை மயிரிழை மயிரிழையாக லென்ஸை நெருங்குகிறது. உன் மாமா முதலில் சிரித்தார். இரண்டாம் நாள் இழுப்பறை சத்தமில்லாமல் ஓட மெழுகு தேய்த்துக் கொடுத்தார். வெள்ளை மூடியைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் அவர்தான், முட்டிவலியோடு.

நேற்று இலையின் அடியில் வெளிறிய மஞ்சளில், கண்ணாடித் துளி போல ஒன்றைப் பார்த்தேன். அது பேன்தானா, நீர்த்துளியா, மறுபடி ஏதாவது தூசியா, தெரியவில்லை. வட்டம் போடப் பயமாக இருக்கிறது. எப்படி நிரூபிப்பது என்று நீதான் சொல்ல வேண்டும்.

நான் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதே. எழுது.

அக்கா


ஏப்ரல் 3

அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. சொல்லாமல் இருந்ததைச் சொல்லப் போகிறேன். அதற்குத்தான் இத்தனை நாள் ஆனது.

நான் ஸ்டூடியோவில் இல்லை. ஒன்றரை வருஷமாகப் பார்சல் பிரிக்கும் கொட்டகையில் வேலை. ஒரு கல்யாணம் முழுக்க எடுத்தேன். மறுநாள் இன்னொரு வேலைக்கு அவசரமாகக் கிளம்பும்போது, பார்க்காமல் கேமராவின் அதே நினைவக அட்டையை அழித்துவிட்டுப் படமெடுத்தேன். அந்தப் பெண்ணின் அப்பா படுக்கையிலிருந்து எழுந்து வந்து உட்கார்ந்த ஒரே நாள் அது. அடுத்த வாரம் அவர் இறந்துவிட்டார். ஒரு படம்கூட மிச்சமில்லை. அந்தப் பெண் என்னைத் திட்டவில்லை, "ஒண்ணாவது இருக்கா, நல்லாப் பாருங்க" என்று மட்டும் கேட்டாள். அன்றே எல்லாவற்றையும் விற்றுவிட்டேன். இறுகிப்போன இருபத்தெட்டை யாரும் வாங்கவில்லை, அதனால் அது மட்டும் தங்கியது. நீ கேட்ட படத்தை எடுக்க என்னிடம் கேமரா இல்லை.

இரண்டு வருஷம் முன்பு நான் வீட்டை விட்டுப் போகும்போது வாசலில் நீ சொன்னது சரியாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வரி சொல்ல மறந்து உன்னையும் நாலு பேர் முன்னால் தலைகுனிய வைத்த பிறகு, இனி இதில் வாயே திறக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் நீ விடாமல் இழுப்பறையைத் தள்ளிக்கொண்டிருக்கிறாய்.

நிரூபிக்கும் வழி இது. ஒரே இலையை அசைக்காமல், அரை நிமிஷ இடைவெளியில் மூன்று படம் எடு. விரல் படாமல் டைமரில் வை. நீர்த்துளி நகராது. தூசி அதே மூலையில் இருக்கும். உயிர் இருந்தால் நடக்கும். பிறகு இலையைத் தலைகீழாகத் திருப்பி இன்னொன்று எடு. இலையோடு சேர்ந்து திரும்பினால் அது இலையில் இருக்கிறது, கேமராவில் இல்லை. அதற்கு மேல் யாரும் பேச முடியாது.

தம்பி


ஏப்ரல் 16

தம்பிக்கு,

உன் மாமா சுகம், நான் சுகம், நானூறு செடிகளும் சுகமாகிவிடும். விவரம் கேள்.

மூன்று நாள் இழுப்பறையைத் தள்ளினேன். மூன்றாம் நாள் மதியம் அது நடந்தது. முதல் படத்தில் நரம்புக்கு இடப்பக்கம், இரண்டாவதில் நரம்பின் மேல், மூன்றாவதில் வலப்பக்கம். பின்னால் முத்துப் பதித்த மாதிரி புள்ளி புள்ளியாக முட்டைகள். சத்தம் போட்டுவிட்டேன், உன் மாமா மூடியைக் கீழே போட்டுவிட்டார்.

பதின்மூன்றாம் தேதி போனேன். வட்டம் ஏதும் போடவில்லை. நான்கு படத்தையும் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன். ஆய்வாளர் அம்மா மூலையைப் பார்த்து, "ரிசர்வ் சீட்டுக்காரர் இன்னும் எறங்கலையா?" என்றார். நீ துடைக்காதே என்றதால் அந்தத் தூசி அங்கேயேதான் இருக்கிறது. "அவர் எறங்க மாட்டாரும்மா. அவர் அசையாம இருக்கறதாலதான் இன்னொருத்தர் நடக்கறது தெரியுது" என்றேன். அவர் படங்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். இலையைத் திருப்பி எடுத்ததை இன்னும் நெடுநேரம் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. "சிலந்திப்பேன். போன வருஷமும் இதுவாத்தான் இருந்திருக்கும். உங்க செடியெல்லாம் வீணாப் போச்சு, என் தப்பு" என்று அவராகவே சொல்லிவிட்டு உத்தரவை ரத்து செய்து கையெழுத்துப் போட்டார். நேற்று கந்தகம் தெளித்தேன். பிடுங்க வேண்டிய நாளில் தெளித்தேன்!

யார் எடுத்தது என்று கேட்டார். தம்பி சொல்லிக் கொடுத்தான், நான் எடுத்தேன் என்றேன். மற்றக் குடில்களிலும் இப்படிப் பார்க்க வேண்டுமாம், எடுக்கத் தெரிந்த ஆள் வருவாரா என்கிறார்கள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

இப்போது உன் கடிதம். உருப்பட மாட்டாய் என்று வாசலில் நான் சொன்னது தப்பு. சொன்ன அன்றே தெரியும். ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை. அந்தப் பெண்ணின் படங்கள் போனது போனதுதான், அதற்கு நான் ஆறுதல் சொல்ல மாட்டேன், நீயும் மறக்க மாட்டாய். ஆனால் மறக்காதவன்தான் எனக்கு நான்கு முறை போன் செய்தான்.

கேமராவைத் தபாலில் அனுப்பட்டுமா என்று உன் மாமா கேட்டார். முடியாது என்றுவிட்டேன். நீ என்னதான் நன்றாகப் பார்சல் கட்டினாலும் எனக்குத் தபாலில் நம்பிக்கை இல்லை. வந்து எடுத்துக்கொள். மேஜையும் இழுப்பறையும் தயாராக இருக்கின்றன.

அவசரக்குடுக்கை என்று இனிக் கூப்பிட மாட்டேன் என்று நினைக்காதே. இதற்கு மட்டும் அவசரப்படு.

அக்கா


ஏப்ரல் 21

அக்கா,

சுகம். உண்மையாகவே.

கொட்டகையில் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை காலை வருகிறேன். காற்று ஊதும் ரப்பர் பந்து ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அதுவரை அந்தத் தூசியை யாரும் தொட வேண்டாம். அதை நான்தான் எடுக்க வேண்டும்.

தம்பி